சந்து இல்லாத போட்டோ

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் அதை ஒரு பார்வை பார்த்தார். எடுக்கவில்லை. ரிட்டயர்மென்ட் வாசலில் நிற்கிற மனிதர். அலறுகிற போன் எதுவும் நல்ல சேதி சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

ஏட்டுதான் எடுத்தார். கேட்டார். ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"சார்... ரோட்டை அகலப்படுத்தணும்னு பழைய கட்டடத்தையெல்லாம் இடிக்கிறாங்கல்ல? அங்க ஒரு எலும்புக்கூடு கிடைச்சிருக்காம்."

"யாரோடது?"

"அது இன்னும் வாயைத் திறக்கலையாம் சார்."

இன்ஸ்பெக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொப்பியைத் தேடினார். இத்தனை நேரமும் அவர் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தெரு பாதிப் பல் பிடுங்கிய வாய் போல இருந்தது. ஒரு வீடு இருக்கும்... அடுத்த வீடு இருக்காது. மாடிப்படி இருக்கும், மாடி இருக்காது. யாரோ குளித்த அறையின் நீல ஓடுகள் வெட்டவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எங்கும் தூசி.

நேற்று ஒரு வீட்டின் மொட்டை மாடியை இடித்தார்கள். இன்று காலை முன்சுவரில் புல்டோசர் கை வைத்தது. சுவருக்குப் பின்னால் ஒரு சந்து!

இரண்டு வீடுகளுக்கு நடுவே, ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்தால் நுழையக்கூடிய சந்து. இரண்டு முனையிலும் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்ததால், அங்கே இப்படி ஒன்று இருந்ததையே தெரு மறந்துபோயிருந்தது. உள்ளே உடைந்த செங்கலும் குப்பையும். குப்பைக்கு அடியில் அந்த மனிதன்.

போலீஸ் டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஆண் என்றார். செத்து முப்பது வருஷம் இருக்கலாம் என்றார். பின்னந்தலையில் விரிசல். பக்கத்திலேயே ஒரு அலுமினியக் கம்பி, நடுவில் வளைந்து கிடந்தது. அதால் அடித்திருக்கலாம் என்பது அவர் கணிப்பு. ஆள் யார் என்று லேப் சொல்ல மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொல்லிவிட்டு, அவர் போய்க்கொண்டே இருந்தார்.

லேப் மெதுவாகச் சொல்லட்டும். தெருவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பத்து பேர் கூடினார்கள். பத்து வாயும் ஒரே பெயரைச் சொல்லின.

சந்துக்கு வலது பக்கம் பெயிண்ட் கடை. அதன் முதலாளியைத் தெரு 'பெரியவர்' என்று கூப்பிடும். இடது பக்க வீடு அவருடைய தம்பியுடையது. தம்பி மகா குடிகாரன். பெண்டாட்டியை அடிப்பதைத் தவிர வேறு வேலை பார்த்ததாக யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காணாமல் போனான். எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் பேசி முடித்து, மறந்தும் போனது.

இன்னொன்றும் தெருவுக்கு நினைவிருந்தது. எலி செத்த நாற்றம் தாங்கவில்லை என்று அந்தச் சந்தை அடைக்கச் சொல்லி ஒருகாலத்தில் சண்டையே நடந்தது. அடைக்க செங்கல் கொடுத்தது பெரியவர். ஆனால் எந்த வருஷம்? தம்பி போவதற்கு முன்னாலா, பின்னாலா? கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொன்னார்கள்.

பெரியவரை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தார்கள். இதய நோயாளி. சட்டைப் பையில் மாத்திரை டப்பாவோடு வந்தார். அதட்டினால் தரையைப் பார்த்தார். கெஞ்சினாலும் தரையைத்தான் பார்த்தார்.

மேலதிகாரி போன் பண்ணினார். பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள், சாயந்திரத்துக்குள் கைது காட்டியாக வேண்டும் என்றார்.

"இந்த உடம்புக்கு லாக்கப் தாங்குமா சார்?" என்று ஏட்டு மெதுவாகக் கேட்டார்.

"தாங்காது. ஒரு ராத்திரியிலயே போயிடுவாரு. அப்புறம் அந்தச் சாவுக்கு நம்மள ஒரு இன்ஸ்பெக்டர் விசாரிப்பாரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் டீச்சர் உள்ளே வந்தார்.

காணாமல் போனவனின் மனைவி. ஸ்கூலில் டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவை இடிக்கக் கூடாது என்று வருஷக்கணக்காகக் கோர்ட் ஏறி இறங்கியதும் இவர்தான். பழைய போட்டோக்களைச் சேர்த்துக் கண்காட்சி வைத்தார். 'கட்டடங்களின் காவல்காரி' என்று பத்திரிகைகள் எழுதின. கோர்ட் மட்டும் போன மாதம் கையை விரித்துவிட்டது.

டீச்சர் நின்றுகொண்டே ஒரு போட்டோவை மேஜையில் வைத்தார். கருப்பு வெள்ளை.

"இது என் புருஷன். பின்னாடி பாருங்க... சுவர். சந்து அப்பவே அடைச்சிருக்கு. அடைச்ச சுவருக்கு முன்னாடி உயிரோட நிக்கிற மனுஷன், அதுக்குள்ள எப்படி சார் செத்துக் கிடப்பாரு?"

இன்ஸ்பெக்டர் பார்த்தார். சட்டைப் பொத்தான் பாதி போடாத ஒருவன் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் வழவழவென்று சுவர்.

"அப்ப அந்த எலும்பு?"

"யாரோ பாவம். கண்டுபிடிக்கிறது உங்க வேலை. எங்க அத்தானை விட்டுடுங்க. அவருக்கு உடம்பு முடியாது."

குரலில் உயிரே இல்லை. அழுது தீர்த்தவர்களின் குரல் அது.

இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆள் தெரியாத எலும்பு, பழைய கேஸ். ஃபைலை மூடிக் கட்டினால் அடுத்து வருகிறவன் பார்த்துக்கொள்வான். மேலதிகாரிக்கு போன் போட்டு, கைது வேண்டாம், சாட்சியம் மாறுகிறது என்றார். திட்டு வாங்கினார். அதுவும் பழகியதுதான்.

பெரியவர் மட்டும் அந்தப் போட்டோவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் இடத்தைப் பூட்டி சீல் வைப்பதற்காக மறுபடியும் தெருவுக்குப் போனார்கள். தெருவுக்குப் பின்புறம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. இடிக்காமல் மிச்சமிருந்த வீடுகளின் நிழல் ரோடு முழுக்க விரிந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் சாய்ந்து காலை நீட்டினார். நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சக் கோடு, அவருடைய பூட்ஸ் மேல் ஏறி நின்றது.

நிமிர்ந்தார். எதிரே இரண்டு வீடுகளுக்கு நடுவே இன்னொரு சந்து. அதன் வழியாக வெயில் வந்து ரோட்டில் விழுந்திருந்தது.

"ஏட்டு... அந்த போட்டோவை எடு."

எடுத்தார். போட்டோவிலும் சாயங்காலம். வீடுகளின் நிழல். அந்த மனிதனின் காலடியில்... நிழலைக் கிழித்துக்கொண்டு ஒரு வெளிச்சக் கோடு!

"சந்து அடைச்சிருக்கு. அப்ப இந்த வெயில் எந்த வழியா வந்துச்சு?"

ஏட்டு போட்டோவைத் திருப்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

எதிர் வரிசையில் மாடியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. ஸ்டுடியோக்காரருக்கு ஜலதோஷம். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"படம் நான் எடுத்ததுதான் சார். ஆனா இந்தச் சுவரு என்னோடது இல்ல. யாரோ பிரஷ்ல போட்டிருக்காங்க. புது மை. சுவரைப் போட்டவங்க, தரையில விழுந்த வெயிலை அழிக்க மறந்துட்டாங்க."

"யாரு போட்டிருப்பாங்க?"

ஸ்டுடியோக்காரர் தயங்கினார். அந்தக் காலத்தில் எல்லா ஸ்டுடியோவிலும் டச்சப் வேலை உண்டு என்றார். முகத்துப் பருவை எடுப்பது, வழுக்கையில் முடி வைப்பது, கடை வாசல் குப்பையை மறைப்பது. தனக்குக் கோடு போடவே வராது, எல்லாவற்றையும் டிராயிங் டீச்சர்தான் வீட்டில் உட்கார்ந்து செய்துகொடுப்பார் என்றார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கு அந்தக் கை. கண்ணுதான் மங்கிப்போச்சு போல" என்று வருத்தப்பட்டார்.

"ஒரிஜினல் இருக்கா?"

இருந்தது. தெருவுக்குப் புது விளக்குக் கம்பம் நட்டபோது எடுத்த படம். நகராட்சியில் அன்று ஒரு பழக்கம் இருந்ததாம். எந்த வேலையானாலும் வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, வேலை முடிந்த பிறகு அதே இடத்தில் நின்று இன்னொன்று. ஆகவே நெகட்டிவ் இரண்டு. முதல் நாள் சாயந்திரம் ஒன்று, மறுநாள் சாயந்திரம் ஒன்று. இரண்டையும் அப்போதே பிரின்ட் போட்டுத் தரச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று ஏட்டு நினைத்துக்கொண்டார்.

ஸ்டேஷன். மேஜைக்கு இந்தப் பக்கம் டீச்சர். சுவரோரம் பெஞ்சில் பெரியவர்.

"சுவரு நீங்க வரைஞ்சதுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆமா. நான்தான் வரைஞ்சேன். நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க."

"எதால?"

"அந்தக் கம்பியாலதான்."

"எங்க அடிச்சீங்க?"

"நெத்தியில."

"அடி பின்னந்தலையில இருக்கு டீச்சர்."

பெஞ்சிலிருந்து பெரியவர் எழுந்துவிட்டார். காலையிலிருந்து திறக்காத வாய் திறந்தது.

"அவ பொய் சொல்றா சார்! நான்தான் பின்னாடியிருந்து அடிச்சேன். என்னை உள்ள வைங்க."

ஏட்டு வாயைப் பிளந்தார். முப்பது வருஷமாக ஒரு கொலைகாரன் கிடைக்கவில்லை, இப்போது க்யூவில் நிற்கிறார்களே என்று முனகினார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அதட்டவில்லை. "பெரியவரே, தம்பி காணாமப் போன அன்னிக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்க. பழியை அப்புறம் பங்கு போட்டுக்கலாம்."

பெரியவர் விட்டு விட்டுச் சொன்னார். முதல் நாள் சாயந்திரம் தம்பி அவளை அடித்த சத்தம் கடை வரைக்கும் கேட்டது. மறுநாள் விடிந்ததும் சந்தில் பார்த்தால் தம்பி செத்துக் கிடக்கிறான். பக்கத்தில் கம்பி. வீட்டில் அவளைக் காணோம். எத்தனை நாளைக்குத்தான் அடி வாங்குவாள், பொறுக்க முடியாமல் அடித்துவிட்டு ஓடிவிட்டாள் என்று நினைத்தார். குப்பையைத் தள்ளி மூடினார். நாற்றம் வந்ததும் எலி என்றார். தானே செங்கல் கொடுத்துக் கொத்தனாரை வைத்து அடைத்தார்.

டீச்சரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"நான் எங்கயும் ஓடலையே... அடி தாங்காம ராத்திரி ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுல போய்ப் படுத்தேன். காலையில வரும்போது நீங்க சந்துலேருந்து கையைத் தட்டிக்கிட்டு வெளிய வந்தீங்க. எட்டிப் பார்த்தேன். கால் மட்டும் தெரிஞ்சுது. எனக்காக... நீங்கதான்..."



இவர் அவளைக் காப்பாற்றினார். அவள் இவரைக் காப்பாற்றினாள். கோர்ட் ஏறியது, கண்காட்சி வைத்தது, கட்டடம் கட்டடம் என்று நாயாய் அலைந்தது எல்லாம் அதற்காகத்தான். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் முப்பது வருஷம் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உண்மை வந்துவிடுமோ என்ற பயம். கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் இரண்டு போட்டோக்களையும் அவர்கள் முன்னால் தள்ளினார்.

"முதல் நாள் படம். டீச்சர் வீட்டு மொட்டை மாடியைப் பாருங்க. சந்தை ஒட்டி கைப்பிடிச்சுவர் இருக்கு. அதுல கட்டின டிவி ஆன்டெனா இருக்கு. இது மறுநாள் படம். அந்த இடத்துல கைப்பிடிச்சுவரும் இல்ல, ஆன்டெனாவும் இல்ல. எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல கிடந்தது அந்த ஆன்டெனாக் கம்பிதான்."

இன்ஸ்பெக்டர் இரண்டாவது படத்தின் மேல் விரலை வைத்தார்.

"ராத்திரி டிவியில படம் சரியா விழாம இருந்திருக்கும். குடிபோதையில மேல ஏறி ஆன்டெனாவைத் திருப்பியிருக்காரு. சாஞ்ச சுவர் சரிஞ்சு, அவரும் அதோட சந்துல விழுந்திருக்காரு. நீங்க ரெண்டு பேரும் சந்தைத்தான் பார்த்தீங்க, மேல நிமிர்ந்து பார்க்கலை. உங்க ரெண்டு பேர்ல யாரும் அவரைத் தொடக்கூட இல்ல."

பெரியவர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"உன்னைக் கொலைகாரின்னு நெனச்சுட்டேனேம்மா..."

"நானும்தான் அத்தான்" என்றார் டீச்சர். அப்புறம்தான் அழ ஆரம்பித்தார். சிறு பிள்ளை அழுவது போல, சத்தம் போட்டு.

இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்தார். பிணத்தை மறைத்ததும் போலிப் படம் வரைந்ததும் குற்றம்தான். அதை கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு பேரையும் இன்று வீட்டுக்கு அனுப்பு என்று சொன்னார். மிச்சமிருக்கிற வீட்டுக்கு.

ஏட்டு பேனாவும் ஃபைலுமாகப் பின்னாலேயே வந்தார். மேலதிகாரி லைனில் காத்திருக்கிறார், குற்றவாளி யார் என்று கேட்கிறார் என்றார்.

"கைப்பிடிச்சுவர்னு சொல்லு."

"அதை அரெஸ்ட் பண்ணியாச்சான்னு கேப்பாரே சார்?"

"லேட்டாயிடுச்சுன்னு சொல்லு... மிச்சமிருந்த சுவரையும் நேத்தே புல்டோசர் என்கவுன்டர்ல போட்டுத் தள்ளிடுச்சு."