ஒரு மைல் முன்னால்

கார்லீனின் புள்ளி அவளுக்கு ஒரு மைல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

சுழற்காற்றைப் படமெடுக்கப் புயலைத் துரத்துகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கைபேசி வரைபடத்தில் பெயரோடு ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. தனியாகப் போனால் வீட்டில் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலைவரிசை மோசமானால் புள்ளி பின்தங்கும், அதெல்லாம் சகஜம். முந்திக்கொண்டு ஓடும் புள்ளியை இருபது வருடத்தில் இன்றுதான் பார்க்கிறாள். இந்தக் கைபேசிக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டே, காரை ஓட்டியபடி சூரியகாந்தி விதைத் தோலைக் குவளைக்குள் துப்பினாள்.

மணி நான்கு. ஏழு மணிக்கு மகள் ஷெல்பிக்குப் பள்ளியில் பட்டமளிப்பு. காலையில் ஷெல்பி அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, பள்ளியின் ஆரஞ்சு நிறத்தை இடது கை நகங்களில் பூசி முடித்திருந்தாள். அதற்குள் மேற்கில் மேகம் கிளம்பிவிட்டது. வலது கை பாக்கி. போன வருடம் மகளின் பிறந்தநாளையும் ஒரு மேகத்துக்குப் பலிகொடுத்தவள்தான் கார்லீன். இந்த முறை வராமல் போனால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. அது அவளுக்கே தெரியும்.

ஓக்லஹோமாவின் மேற்கு மூலை. இருபக்கமும் கோதுமை வயல், நடுவில் தார்ச்சாலை. சாலைக்குத் தென்மேற்கே தனியாக ஒரு வெள்ளைத் தானியக் கோபுரம். அதன் வலது ஓரத்தை ஒட்டினாற்போல் சுழற்காற்று இறங்கியிருந்தது. காற்று அவளுக்கு எதிரிலிருந்து வெதுவெதுப்பாக வந்து, கதவு இடுக்கில் ஊளையிட்டபடி அதை நோக்கி ஓடியது. ஈர மண் வாசனையும், இப்போதுதான் அறுத்த பச்சைப் புல்லின் வாசனையும், எங்கோ உடைந்த வீட்டிலிருந்து கசியும் சமையல் வாயுவின் நாற்றமும் காருக்குள் புகுந்து தொண்டையில் நின்றன. நல்ல தூரம் இருக்கிறது என்று நினைத்து இரண்டு படம் எடுத்தாள்.

கைபேசியில் எக்காளம் ஒலித்தது. பள்ளி வாத்தியக் குழுவில் ஷெல்பி ஊதியது. அவள் கூப்பிட்டால் மட்டும் வரும் ஒலி.

"அம்மா, அந்த நாற்சந்தியில எதுக்கு நிக்கிற? திரும்பி வா."

நாற்சந்தி கிழக்கே ஒரு மைலில் இருந்தது. நான் அங்கே இல்லை, இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன் என்றாள் கார்லீன்.

"சும்மா கதை விடாத. உன் புள்ளி அங்கதான் நிக்குது." பிறகு குரல் இறங்கியது. "இப்ப நகருதும்மா. வயலுக்குள்ள போகுது. அங்க ரோடே இல்லியே."

"கோளாறா இருக்கும்டி."

"வட்டமா சுத்துதும்மா."

இணைப்பு அறுந்தது. வரைபடத்தில் புள்ளி இல்லை.

வீட்டுக்குப் போகும் தெற்குச் சாலை அந்த நாற்சந்தியில்தான் பிரிகிறது. புள்ளி முன்னால் போன இடத்துக்குத்தான் அவளும் போகப்போகிறாள் என்றால், அங்கே போகவே கூடாது. காரைத் திருப்பி, வந்த வழியே மேற்கில் விரட்டினாள். இரண்டு நிமிடத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாலைக்குக் குறுக்கே முறிந்து கிடந்தன. கம்பிகள் நீலமாகப் பொரிந்தன. வயலில் இறங்கினால் செம்மண் சேறு அச்சுவரை விழுங்கிவிடும். மிச்சமிருந்தது கிழக்கு, அந்த நாற்சந்தி வழி மட்டும்.

போகவில்லை. நின்றாள். இடப்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சுழற்காற்று அதே கோபுரத்தின் அதே வலது ஓரத்தில் அப்படியே நின்றது. அசையவில்லை, அவசரமில்லை, புள்ளி வரட்டும் என்று கைபேசியையே வெறித்தாள். கூரையில் ஆலங்கட்டி ஒன்றிரண்டாக விழுந்து, பிறகு முஷ்டி முஷ்டியாகக் குத்தியது. பின்கண்ணாடி நொறுங்கிக் கழுத்தில் தெறித்தது. சூடான ரத்தம் முதுகில் வழிந்தது. அவள் திரும்பவில்லை. அருவி விழுவதுபோல் ஓர் இரைச்சல் இருக்கையின் அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

புள்ளி வந்தது.

சரியாக அவள் நிற்கும் இடத்தில்.

வானத்திலிருந்து ஏதோ விழுந்தது. பத்தடி முன்னால். தார் பிளந்தது. தகரம் கிழிந்தது. ஒரு வெள்ளைக் கார், தலைகீழாக. ஆலங்கட்டி குத்திய மூடி. அவளுடைய எண் பலகை.

உள்ளே எக்காளம் ஒலித்தது.

கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அது ஊமையாக இருந்தது.

நசுங்கிய கதவுக்கு வெளியே ஒரு கை தொங்கியது. இடது கை. ஐந்து நகத்திலும் ஆரஞ்சு. எலும்பு தெரியும் மணிக்கட்டிலிருந்து சொட்டிய ரத்தம் காற்றில் பக்கவாட்டாகப் பறந்து, இவளுடைய முன்கண்ணாடியில் வந்து ஒட்டியது.

புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். சுழற்காற்று இடமாகவும் போகவில்லை, வலமாகவும் போகவில்லை என்றால் அது நிற்கவில்லை. உன்னை நோக்கி வருகிறது.

இடப்பக்கம் திரும்பினாள்.

கோபுரம் இல்லை. வயல் இல்லை. சன்னல் முழுக்கக் கறுப்பு, சுழன்றபடி. அதற்குள் கிளைகள், தகரங்கள், கால் விரைத்த ஒரு மாடு.

எக்காளம் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. தொங்கிய கை மெல்ல நிமிர்ந்து, உள்ளே எதையோ தடவித் தேடியது. ஒலி நின்றது.

"சொல்லுடி கண்ணு," என்றது கார்லீனின் குரல், அந்தக் காருக்குள்ளிருந்து. "அம்மா வந்துகிட்டே இருக்கேன்."