பக்கத்து இருக்கையின் எடை

பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. அவள் தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்; போட்டுத்தான் இருந்தது. எரிந்த சிவப்பு விளக்கு பக்கத்து இருக்கைக்கானது. அங்கே ஒரு கைப்பைகூட இல்லை.

“வந்துட்டியா, அடுத்த செலவு” என்றாள் காரிடம்.

இரண்டே இருக்கைகள் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு கை மாறி அவளிடம் வந்த ஐந்து மாதத்தில் கிளட்ச் தேய்ந்து போனது, ரேடியேட்டர் ஒழுகியது, ஜன்னல் மோட்டார் கண்ணாடியைப் பாதியில் விட்டுவிட்டு மண்டையைப் போட்டது. வாங்கிய விலையில் பாதி ரிப்பேருக்கே போயிருந்தது. “தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?” என்று அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்தார். அவள் அசையவில்லை. முதலில் அண்ணனின் காரில், பிறகு விவாகரத்து வரை கணவனின் காரில், இருபத்தைந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தே போனவள் அவள். யாரையும் கேட்காமல் வாங்கிய முதல் பொருள் இதுதான். இதை விற்றால் மறுபடி யார் காரிலாவது தொற்றிக்கொண்டு போக வேண்டும். செத்தாலும் அது நடக்காது.

மெக்கானிக் இருக்கைக்கு அடியில் இருந்த, எடையை அறியும் சென்சாரை மாற்றினார். இந்த ரகக் கார்களில் அது அடிக்கடி போகுமாம். மாற்றிய பிறகும் மணி அடித்தது. கோளாறு காட்டும் ஸ்கேனரைக் காரில் சொருகினார். அறுபத்து நாலு கிலோ என்றது திரை. இருக்கையைக் கழற்றி, ஒயரை நீட்டி, வெளியே தரையில் வைத்துச் சோதித்தார், பூஜ்யம். உள்ளே திரும்பப் பொருத்தினார், அறுபத்து நாலு. ஸ்கேனரை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எழுந்தார்.

“வித்துடுங்கம்மா.”

“பில் எவ்வளவு?”

“பில்லெல்லாம் வேணாம்மா. மொதல்ல வண்டிய எடுங்க.”

ஒரு நட்டுக்குக்கூடத் தனியாகக் காசு எழுதுகிற மனிதர். அவர் வேண்டாம் என்றபோதுதான் அவள் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

மதிய ஷிஃப்டுக்காக மருத்துவமனையின் அடித்தளப் பார்க்கிங்கில் காரை நிறுத்தினாள். எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. தினமும் மனித எலும்பைப் பார்க்கிறவளை எது பயமுறுத்திவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மேலே பட்டப்பகல், இங்கே குழல்விளக்கின் ரீங்காரமும், எங்கோ குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும், சூடான எஞ்சின் ஆறும்போது எழும் டிக் டிக் சத்தமும், எப்போதோ ஒழுகிய ரேடியேட்டர் கூலன்ட்டின் தித்திப்பு வாடையும், அதற்கும் அடியில், மிக அருகில், நாள் முழுக்க யாரோ கழற்றாமல் போட்டிருந்த சட்டையின் வியர்வை வாடையும். சாவியை உருவிக் கையில் எடுத்தாள். மணி நிற்கவில்லை.

எட்டி, காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். நின்றது.

பெல்ட் இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு மார்பளவுக்கு வளைந்து நின்றது. மெதுவாக விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

“எந்திரி” என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவளுக்கே பிடிக்கவில்லை. “எந்திரிடா! இது என் வண்டி.”

பெல்ட் தொய்ந்தது.

இறங்கினாள். சுற்றி வந்தாள். கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து வீசி, முழு எடையையும் போட்டு அந்த இருக்கையில் வேண்டுமென்றே உட்கார்ந்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கதவை அறைந்து சாத்தினாள்.

“இப்ப எங்க உக்காருவ? பாக்கறேன்.”

ஓட்டுநர் இருக்கையின் மோட்டார் முனகியது. இருக்கை பின்னால் நகர்ந்தது. நீளமான கால்களுக்கு இடம் விட்டு நின்றது.

கதவுகள் பூட்டிக்கொண்டன. சாவி அவள் கையில். எஞ்சின் உறுமியது. கிளட்ச் தானாகத் தரைவரை அமுங்கியது.

“அந்தக் கிளட்ச் நான் போட்டதுடா!” கத்தினாள். “கால எடு!”

ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பற்றி மேலே இழுத்தாள். விடமாட்டேன். விடவே மாட்டேன்.

அவள் விரல்களின் மேல் வெதுவெதுப்பான ஒரு கை படிந்து, பொறுமையாக, நுனியிலிருந்த, பிரேக்கை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியது.