ஒன்பதாம் வால்வு

கை கழுவிய பிறகுதான் கை நாறியது.

அவள் மறுபடியும் சோப்புப் போட்டாள். போகவில்லை. ஊறிப்போன தோலும் பழைய ரத்தமும் கலந்த, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் இனிப்பு நாற்றம். விடுமுறை நாளின் மதியம்; இறைச்சித் தொழிற்சாலை மூடிக் கிடந்தது. குழாயெல்லாம் நாறுகிறது என்று புகார் வந்ததால், புரோகிராமைப் பராமரிக்கும் அவளும் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணனும் மட்டும் வந்திருந்தார்கள்.

"தண்ணித் தொட்டி சுத்தமாத்தான் இருக்கு தங்கச்சி. வால்வு எதையாவது கம்ப்யூட்டர்ல மாத்தினீங்களா?"

அவள் குழாயை மூடினாள்.

அங்கே வால்வுகளைத் திறந்து மூடுவது ஒரு பழைய புரோகிராம். எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். ஒட்டுப்போட்டு ஓட்டுவது அவள் வேலை. அதன் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒரு கோரிக்கை எண் இருக்கும். எண்ணைத் தேடினால் அதை யார் கேட்டார்கள், எதற்குக் கேட்டார்கள் என்று வந்துவிடும். ஒருமுறை, குளிர் அறையில் ஒரு விசிறி வெட்டியாகச் சுற்றுகிறதே என்று நிறுத்தப் போனாள். எண்ணைத் தேடினாள். வாயு கசிந்து இரண்டு பேர் மயங்கி விழுந்த பிறகு கேட்டு வாங்கிய விசிறி அது. ஒரு கும்பிடு போட்டு விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் வால்வை இயக்கும் பகுதியின் தலையில் மட்டும் அந்த எண் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் அது ரத்தத் தொட்டியின் அடியைத் திறந்து, கொல்லைக் கொட்டகையில் கைவிட்ட குழி ஒன்றுக்குள் கொஞ்சம் ஊற்றியது. எதற்கு? யாருக்கும் தெரியவில்லை. "யாரும் கேக்காததை நாம எதுக்குச் சுமக்கணும்? தூக்கிடும்மா" என்றார் மேலதிகாரி. போன வாரம்தான் தூக்கினாள்.

"ஒன்பதை எடுத்துட்டேன்ணே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்கு முன்னாடி இருந்தவரு அதுல மட்டும் கை வைக்காதேன்னாரு."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டேனே. அதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்னாரு."

டார்ச்சை எடுத்துக்கொண்டார். "நீங்க அதைத் திரும்பப் போடுங்க. நான் குழியை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடறேன்."

அவர் செருப்புச் சத்தம் நடைபாதையின் ஈரத்தில் சளக் சளக் என்று தேய்ந்து மறைந்தது. அவள் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு, குமட்டலை விழுங்கி விழுங்கி, எடுத்ததைத் திரும்பப் போட்டாள். தரைக்கடியில் வால்வு முனகித் திறந்தது. கெட்டித்துப் போன ரத்தம் கட்டி கட்டியாகக் குழாயில் இறங்குவது காலில் அதிர்ந்தது. பிறகு இன்னொரு சத்தம்.

மடக். மடக். மடக்.

யாரோ தாகத்தோடு குடிப்பது போல.

"அண்ணே! ஓடுது. வந்துடுங்க."

திரையில் ரத்தத் தொட்டியின் மட்டம் சரசரவென்று இறங்கியது. தினமும் கொஞ்சம்தான் ஊற்றும். இப்போது நிற்கவில்லை. வால்வை மூடக் கட்டளை கொடுத்தாள். மூடவில்லை. எதுவோ அந்தப் பக்கமிருந்து உறிஞ்சியது.

தொட்டி காலி.

மடக். மடக்.

அவள் கொட்டகையை நோக்கி நடந்தாள். சுவர்கள் வியர்த்திருந்தன. தொட்ட விரலில் கொழுப்பு நூலாக நீண்டது. கொட்டகைக் கதவு திறந்திருந்தது. நாற்றம் முகத்தில் ஈரத்துணி போல அறைந்தது. அங்கேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

மெக்கானிக் அண்ணன் குழியின் விளிம்பில் மண்டியிட்டிருந்தார். குழாயின் முனை அவர் வாய்க்குள் இருந்தது. வயிறு சட்டைப் பொத்தான்களைத் தெறிக்கவிட்டு, நரம்போடிய பானையாகப் புடைத்திருந்தது. குழிக்குள்ளிருந்து எழுந்த தடித்த, வெளுத்த, தோலில்லாத, நாக்கைப் போன்ற ஒன்று, நுரைத்துக்கொண்டு, அவர் பிடரியைச் சுற்றி இறுகியிருந்தது. அவர் விழுங்க விழுங்க அதற்குள் சிவப்பு ஏறியது.

அவர் கண்கள் அவளைப் பார்த்தன. அழுதுகொண்டிருந்தன.

வலது கை மெல்ல எழுந்தது. அவருடையது மாதிரியே இல்லாத ஓர் அசைவில், விரல்களைக் குவித்து வாயருகே காட்டியது.

இன்னும்.