ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க்

கடையில் இருந்தது ஒரே ஒரு பட்டைக் கேபிள். அதன் ஒரு முனை பரத்தின் கையில்... மறுமுனை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையில்!

"விடுங்க, மொதல்ல எடுத்தது நான்தான்."

"பேரு எழுதி வெச்சிருக்கா இன்னா?" என்றாள் அவள். மழையில் நனைந்த இமைகளுக்குள் அந்தக் கண்கள்... கோபத்திலும் இவ்வளவு அழகா? பரத்துக்குச் சண்டையே மறந்துபோனது.

புதுவாயல் கூட்டுரோட்டில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் சுப்பிரமணியின் கடை அது. இப்போது வரும் ஒல்லிக் கேபிள்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கில் நுழையாது. பரத்தின் கம்பெனியில் டெஸ்டிங் மெஷினை ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டிஸ்க்கிலுள்ள புரோகிராம் கிடைத்தால்தான் மெஷின் ஓடும். சேர்ந்த புதிதிலேயே கெட்ட பெயரா? அந்தப் பெண் நர்மதாவின் டிஸ்க்கிலோ அவள் வரைந்த எம்பிராய்டரி டிசைன்கள். நாளை மறுநாள் முகூர்த்தம்... கல்யாணப் பெண்ணின் பிளவுஸ் இன்னும் தைத்தபாடில்லை.

"இன்னா பேஜாருப்பா உங்களோட!" என்றார் சுப்பிரமணி. "அந்தக் கேபிள்ல ரெண்டு டிஸ்க் மாட்டலாம். என் கம்ப்யூட்டர்ல போட்டு, வேணும்கிறத காப்பி பண்ணிக்கினு போங்க."

இருவரும் கொண்டுவந்திருந்த டிஸ்க்குகளை மாட்டினார்கள். திரையில் எந்த டிஸ்க்கும் வரவில்லை.

"ரெண்டுமே மாஸ்டர்ல, மொத டிஸ்க்கா இருக்குது," என்றாள் நர்மதா. "ஒரே கேபிள்ல ரெண்டு மாஸ்டர் ஒத்துப்போவாது. ஒண்ணு ரெண்டாவதா மாறணும்."

"அப்ப உங்களுத மாத்துங்க."

"நான் ஏன் மாத்தணும்? நீங்க மாத்துங்க!"

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெளியே மழை... உள்ளே வீம்பு. கொஞ்ச நேரம் கழித்துப் பரத் ஓரக்கண்ணால் பார்த்தான். நர்மதா தன் டிஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். உதடு துடித்தது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்காக இவள் அழப்போகிறாளே! அவ்வளவுதான்... அவன் வீம்பு போன இடம் தெரியவில்லை.

"அழாதீங்க. என்னுதையே மாத்திக்கிறேன்."

டிஸ்க் முதலாவதா இரண்டாவதா என்று குறிக்க அதன் பின்னால் செருகியிருந்த குட்டி ஜம்பர் அவன் விரலுக்குச் சிக்கவில்லை. அவள் துப்பட்டா ஊக்கைக் கழற்றி நீட்டினாள். ஜம்பரை நெம்பி இடம் மாற்றி, மறுபடி மாட்டினான். திரையில் இரண்டு டிஸ்க்கும் வந்தன. சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு... பரத் மெஷினையே மறந்தான்.

காப்பி முடிந்தது.

"கேபிள நீங்களே வெச்சுக்கோங்க," என்றான்.

"மறுபடி உங்களுக்குத் தேவப்பட்டா?"

"உங்க ஊட்டுக்கே வந்து கேக்கறேன்."

"கேபிளையா?"

பரத் தொண்டையைச் செருமினான். "இல்லீங்க... உங்களத்தான். ரொம்பப் புடிச்சிருக்குது."

நர்மதா ஊக்கைத் திரும்ப வாங்கவில்லை. படியிறங்கிக் குடையை விரித்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"பக்கத்துல ஆரணியில எம்பிராய்டரி நர்மதா ஊடுன்னா யாரு வேணா சொல்வாங்க. அந்த ஊக்க எடுத்துக்கினு வாங்க... உங்க அம்மாவையும் கூட்டிக்கினு வாங்க."