வண்டல் படியும் இடம்

சமையலறையில் அந்த வாடை இல்லை.

ஈரச் சாக்கைப் பிழிந்ததுபோன்ற அந்த வாடை, வேங்கிக்காலில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே எல்லா அறைகளிலும் மெலிதாக, ஒரே அளவில் பரவியிருந்தது; கூடவே, பக்கத்து அறையில் யாரோ புரண்டு படுப்பதுபோன்ற ஓசையும், காரணமில்லாத ஒரு குளிரும். எந்த இடத்திலும் பயப்படும் அளவுக்கு இருந்ததில்லை. "வாடகை கம்மி, வாடை ஜாஸ்தி," என்று கணவன் மாறன் சிரிப்பான். கீர்த்தனாவும் பழகிவிட்டாள்.

மேடைமேல் கண்ணாடி ஜாடி. ஆசிரமத்துப் பக்கம் ஒரு கஃபேக்காக இருவரும் வீட்டில் புளிக்கவைக்கும் இஞ்சி பீர். கலங்கலாக இருக்கிறது என்று போன முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஜெலட்டின் போட்டால் தெளியும். அது எலும்பிலிருந்து எடுப்பது, கஃபேயோ சுத்த சைவம். வேதியியல் படித்த கீர்த்தனா நாட்டு மருந்துக் கடையில், கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் தேத்தாங்கொட்டை வாங்கிவந்து, கல்லில் இழைத்து, நேற்று மாலை ஜாடியில் கலந்தாள். மீந்த விழுதை வீணாக்க மனமில்லாமல் தண்ணீரில் கரைத்து வீடு முழுக்கத் துடைத்தாள்.

மாறன் ஜாடிக்குப் பின்னால் குனிந்து அதன் வழியே அவளைப் பார்த்தான்.

"மூக்குத்தி வரைக்கும் தெரியுது. கெமிஸ்ட்ரி மேடம் பாஸ்!"

"அசைக்காம எடுங்க. அடியில இருக்கறது கலங்கிடும்."

தெளிந்ததை மட்டும் பாட்டில்களில் இறுத்துக்கொண்டான். "பாப்பாவ எழுப்பாத. இப்பதான் காய்ச்சல் விட்டு அசையாம தூங்கறா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

கீர்த்தனா கூடத்துக்கு வந்தாள். குளிர் இல்லை. குளியலறையில், பரணுக்குக் கீழே, கதவுகளுக்குப் பின்னால், எங்கும் எந்த ஓசையும் இல்லை. அலசிக் கவிழ்த்த பாத்திரம்போல் வீடு சுத்தமாக இருந்தது. நிம்மதியாகக்கூட இருந்தது.

பிறகு ஜாடியின் அடியைப் பார்த்தாள். அங்கங்கே மிதந்துகொண்டிருந்ததெல்லாம் ஒன்றையொன்று பற்றி, திரண்டு, கனத்து இறங்கியிருந்தது. எதுவும் காணாமல் போய்விடவில்லை. அசைவில்லாத இடத்தில் படிந்திருந்தது.

அதே விழுதால் துடைத்த இந்த வீட்டில் அசைவில்லாத இடம் எது?

படுக்கையறைக்கு ஓடினாள்.

நாடாக் கட்டிலில் நான்கு வயது கவிநிலா மல்லாந்து கிடந்தாள். கட்டில் தொய்ந்திருந்தது. தரையைத் தொடும் அளவுக்கு.

"அம்மா..." கண் திறக்கவில்லை. "மேல படுத்திருக்காங்க. எறங்கச் சொல்லும்மா."

"யாரு பாப்பா?"



கலக்கிவிட வேண்டும். கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. மகளின் முதுகுக்கு அடியில் கைகளைக் கொடுத்துத் தூக்கினாள். முடியவில்லை. விரல்கள் நசுங்கின. ஒரு நாடா அறுந்தது. இன்னொன்று.

குழந்தையின் கன்னம் மெல்லக் குழிந்தது, இன்னொரு கன்னம் அதன்மேல் சாய்ந்துகொண்டதுபோல.