தொட்டிக்குள் மஞ்சள் நூல்

ஆறு நாளாகத் தீனி போடவில்லை. இருந்தும் தொட்டியிலிருந்த மூன்று ஜெல்லிமீன்களின் வயிற்றிலும் மஞ்சள் நிறம் இருந்தது.

டோகுஜி ரப்பர் பூட்ஸைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றான். ஜெல்லிமீனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. தூசி மாதிரியான இறால் குஞ்சுகளைத் தூவினால் குடைக்குள் இருக்கும் நான்கு வளையங்களும் ஆரஞ்சாகிவிடும். பட்டினி போட்டால் வெளுத்து, உடம்பும் நாளுக்கு நாள் சுருங்கும். இவை சுருங்கவில்லை. சாராயம் குடிக்கிற சின்னக் கிண்ணம் அளவில் வந்தவை இப்போது சோற்றுக் கிண்ணம் அளவுக்கு விரிந்திருந்தன. அந்த மஞ்சள், வேலையிடத்து நைலான் கயிற்றின் மஞ்சள்.

வெளியே விடாத மழைக்கால மழை. பகல் பன்னிரண்டு மணிக்கே அறை சாயங்காலம்போல் கிடந்தது. கம்பெனிக் குடியிருப்பின் மெல்லிய சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம் சுற்றும் சத்தமும், கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் சத்தமும், அவற்றுக்கெல்லாம் அடியில் தொட்டியின் சின்ன மோட்டார் ஓயாமல் முனகும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் விரலிடுக்கிலிருந்து போகாத அழுகல் வாடை அறையிலும் இருந்தது. மூலைகள் இருந்தால் முட்டிக் கிழிந்துபோகும் என்று வட்டமாகச் செய்த தொட்டி அது, முழங்கை உயரம்தான். அதற்குள் மூன்றும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, சுற்றி வந்தன.

வேலையிடத்தில் அவற்றைச் சொறி என்பார்கள். மின்நிலையம் கடல்நீரை உறிஞ்சும் வாயில் இரும்புச் சல்லடை போட்டிருக்கும். கோடையில் சொறி டன் கணக்கில் வந்து அதை அடைக்கும். ஒருவன் ஏணியில் இறங்கி வாரியால் இழுப்பான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையோடு இன்னொருவன் மேலே நிற்பான். கயிற்றின் மேல்முனைக் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும் என்பது விதி. மாட்டினால் நாலடிக்கொருமுறை கழற்றி மாட்ட வேண்டும், வேலை ஓடாது. அதனால் எல்லோரும் கையிலேயே பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கீழேயிருந்து இரண்டு சுண்டு சுண்டினால் 'தூக்கு' என்று அர்த்தம்.

தம்பி மிட்சுரு இறங்கிய அன்று கயிறு டோகுஜி கையில் இருந்தது. சல்லடையில் ஒட்டியிருந்த சொறிச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு சுண்டு. அவன் விட்டுவிட்டான்.

விசாரணையில், "அவன் கயிறே கட்டிக்கல" என்றான்.

ஒன்பது நாள் முக்குளிப்பவர்கள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் மிட்சுருவின் மனைவி ஹனயோ இனிப்புப் பெட்டிகளோடு வேலையாட்கள் வீடு வீடாகப் போய், இடுப்பு வளையக் குனிந்து, "எங்க வீட்டுக்காரரோட அஜாக்கிரதையால உங்களுக்கெல்லாம் தொந்தரவு, மன்னிச்சிடுங்க" என்றாள். டோகுஜி வீட்டு வாசலிலும் குனிந்தாள். அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

ஜெல்லிமீன்கள் அவள் கேட்டவை. செத்தவரை எரித்த பிறகு குச்சியால் எலும்பைப் பொறுக்கிச் சாடியில் வைத்துப் புதைப்பது வழக்கம். பொறுக்க எலும்பில்லை. "அவரைக் கடைசியாத் தொட்டது அதுங்கதானே மாமா. மூணு புடிச்சு வைங்க. நாப்பத்தொம்பதாம் நாள் காரியத்துல அந்தத் தண்ணிய சமாதியில ஊத்திக்கிறேன்."

இன்று நாற்பத்தொன்பதாம் நாள். மூன்று மணிக்கு வருவாள்.

காலையில்கூட உடைமாற்றும் அறையில், கூட வேலை பார்க்கும் குரோடா கிண்டலடித்தான். "ஏண்டா டோகு, இங்க வாருறது பத்தாதுன்னு வீட்ல வேற சொறி வளக்கிறியாமே? பொண்டாட்டி ஓடிப் போனதுக்கு இதுவா துணை?"

"சோறு போடலன்னா எத்தன நாள்ல சாவும்?"

"அது எங்க சாவுது. சுருங்கிச் சுருங்கி ஒருநாள் இருக்காது. பொணம்னு ஒண்ணு கெடையாது, தண்ணியாப் போயிடும்." சொன்ன பிறகுதான் குரோடாவுக்கு உறைத்தது. பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

டோகுஜி டார்ச்சை எடுத்துத் தொட்டியருகே உட்கார்ந்தான். வளையங்களுக்குள் இருந்தவை நூல்கள். மயிரளவு மெல்லியவை, முறுக்கியவை. ஒன்றின் வாயிலிருந்து நுனி தொங்கியது. சாப்பாட்டுக் குச்சியால் பற்றி இழுத்தான். வந்தது. ஒரு சாண் வந்தது. இன்னும் வந்தது. குச்சியோடு தண்ணீரிலேயே போட்டுவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

இதை அவள் பார்க்கக் கூடாது.

உப்புநீர் முழுவதையும் வெளியேற்றி, மூன்று வாளி குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினான். நல்ல தண்ணீர் பட்டதும் அவை ஒருமுறை இறுகி, விரிய முடியாமல் அடியில் படிந்தன. ஓரங்கள் கலங்கின. ஒரு மணிக்குக் கஞ்சி. இரண்டு மணிக்கு மங்கல். இரண்டரைக்கு வெறும் தண்ணீர். நூலும் இல்லை. ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினான். கேட்டால், நேற்றே கரைந்துவிட்டன என்று சொல்லலாம். மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கினான்.

முனகல் நிற்கவில்லை.

கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். சத்தம் தணிந்தது. கனத்தது. இரும்பில் இரும்பு உரசுகிற, சல்லடை சுழலும்போது வருகிற சத்தம். பக்கத்து வீட்டு இயந்திரம் எப்போதோ நின்றிருந்தது. வாடை ஏறியது. மூக்கில். நாக்கில்.

அழைப்பு மணி.

ஹனயோ கறுப்பு உடையில், நனைந்த குடையும் வெள்ளைச் சாடியுமாக நின்றாள். செருப்பை ஒழுங்காகத் திருப்பி வைத்தாள். அவன் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள்.

"அதுங்க கரைஞ்சு போச்சு ஹனயோ. நேத்தே."

"பரவால்ல மாமா. தண்ணி இருக்குல்ல." தொட்டியின் முன் மண்டியிட்டாள். உள்ளே குனிந்தாள். "இது என்ன?"

"எது?"

அவள் கை தண்ணீருக்குள் போனது. மஞ்சளாக ஒன்றைப் பற்றி மேலே எடுத்தாள். கட்டைவிரல் தடிமன். முனையில் கொக்கி. கொக்கியின் கழுத்தில் நீல டேப்.

"இது நான் சுத்தினது" என்றாள். "கையுறை வழுக்குதுன்னார். அன்னிக்குக் காலையிலதான் சுத்தினேன்." குரலில் கோபமில்லை. "கட்டிக்கலன்னு சொன்னீங்களே மாமா."

அவன் ஓரடி பின்னால் போனான்.

அவள் இழுத்தாள். கை மாற்றிக் கை மாற்றி. முழங்கை உயரத் தொட்டியிலிருந்து கயிறு வந்துகொண்டே இருந்தது. பாயில் சுருள் சுருளாக விழுந்தது. பாய் நனைந்தது. அடியில் தெரிந்த கண்ணாடி இப்போது தெரியவில்லை. அங்கே இருட்டு. அந்த இருட்டு கீழே போய்க்கொண்டிருந்தது.

கயிறு விறைத்தது. அவள் தோள்கள் முன்னே சரிந்தன.

"கனமா இருக்கு மாமா. கொஞ்சம் புடிங்க."

கயிற்றை அவன் பக்கம் நீட்டினாள். அவன் கை தானாகப் போனது. உள்ளங்கையின் பழைய தழும்பில் கயிறு சரியாகப் பொருந்தியது.

"விட்டுடாதீங்க" என்று சொல்லி அவள் கையை எடுத்தாள்.

கீழேயிருந்து, ஒன்று. இரண்டு. யாரோ சுண்டினார்கள்.