ஒப்புதல் சீட்டு

அன்று பிற்பகல் புகைப்படப் போட்டியின் தேர்வு அறையில் இருந்தவர்கள் நால்வர். மேசையின் தலைப்பக்கம் குழுத் தலைவர், நாற்பது ஆண்டு படம் எடுத்தவர். அவருக்கு வலப்புறம் ஓவியர் அம்மாள். இடப்புறம் புத்தக அட்டைகள் வடிவமைப்பவர். கதவோரம், தனிச் சிறுமேசையில், செயலாளர். புதிய கலைஞர்களைக் கண்டெடுத்து ஆண்டுக்கொருமுறை சிறப்பிதழ் போடும் அந்தப் பத்திரிகையின் கடிதங்கள் எல்லாம் அவள் கையால்தான் போகும். அதனால் அங்கே அவளுக்குத் ‘தபால்’ என்று பேர்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்து, மேசைமேல் ஒரே ஒரு விளக்கைத் தாழ இறக்கியிருந்தார்கள். முப்பத்தொன்றாம் எண் உறையைப் பிரித்ததும், அடைபட்ட அந்த அறையின் தூசி வாடையை மீறிக்கொண்டு பினாயில் மணம் எழுந்தது. காகிதத்துக்கு ஏது பினாயில் என்று செயலாளர் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஆறு படங்கள். வெற்று அறை, நாற்காலி, முகத்தில் ஈரத்துணி சுற்றிய பெண். முதல் படத்தில் கைகள் மடியில் கிடந்தன. இரண்டாவதில் ஒரு விரல் புறங்கைப் பக்கமாக மடிந்திருந்தது. அடுத்தடுத்த படங்களில் அப்படி மடிந்த விரல்கள் கூடிக்கொண்டே போயின.

“அடேயப்பா, வெளிச்சத்தைப் பாருங்க! எங்கே ஒளிஞ்சிருந்தான் இந்த ஆளு?” என்றார் தலைவர்.

“விரல் என்ன, மெழுகா?” என்றார் வடிவமைப்பாளர்.

“மெழுகுல நகம் இப்படிக் கறுக்குமா? ஒப்பனை. பலே கைகாரன்,” என்றார் தலைவர்.

“எனக்கு வயித்தைப் பெரட்டுது,” என்றார் ஓவியர் அம்மாள். “அதுக்கே ரெண்டு மார்க் கூடப் போடுறேன்.”

சிரித்தார்கள்.

உள்ளே தட்டச்சு செய்த துண்டுத்தாள் ஒன்று இருந்தது. தலைவர் உரக்கப் படித்தார்: “ஏழாவது படத்தோடு தொடர் முடிகிறது. கேட்டால் உடனே எடுத்து அனுப்புவேன். கேட்காவிட்டாலும் தேர்வு நாளிலிருந்து மூன்று நாளில் முடித்துவிடுவேன்.”

படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட சீட்டு ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது போட்டி விதி. நடுவர்கள் பின்பக்கம் பார்க்கக் கூடாது. சரிபார்ப்பது அவள் வேலை. முதல் படத்தைத் திருப்பினாள்.

கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி. தங்கை பள்ளியில் படிக்கையில் அந்தக் கையெழுத்தைப் போடக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். நான்கு மாதங்களுக்கு முன், ‘தேடாதே’ என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எவனோடோ போன தங்கை.

இரண்டாவது சீட்டில் சுழி இல்லை. மூன்றாவதில் கோடு நடுங்கியிருந்தது. நான்காவது, இடது கையால் போட்டது.

ஐந்தாவதில் பெயரே இல்லை. ‘அக்கா’.

ஆறாவதில் கைநாட்டு. மை அல்ல. பழுப்பாகக் காய்ந்திருந்தது.

எழுந்தாள். “சார், இது என் தங்கச்சி.”

“மூஞ்சியே தெரியல. எப்படிச் சொல்றே?”

“கையெழுத்து சார்.”

“அப்போ சம்மதிச்சுத்தானே போட்டிருக்கு? நடிக்குதும்மா. பெருமைப்படு.”

தாழ்வாரத்துக்கு ஓடிக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் கொட்டாவி கேட்டது. “மேஜர் பொண்ணு, கையெழுத்துப் போட்டுப் போஸ் குடுத்திருக்கு. விலாசம்?”

“தபால் பெட்டி எண் மட்டும்தான் இருக்கு.”

“பெட்டிக்குச் சொந்தக்காரன் யாருன்னு கேட்க மேலேருந்து உத்தரவு வேணும்மா. பத்துப் பன்னெண்டு நாள் ஆகும்.”

திரும்பி வந்தபோது முடிவாகியிருந்தது. “முதல் பரிசு,” என்றார் தலைவர். “ஏழாவதைக் கேட்டு எழுது தபாலு. இன்னிக்கே போகணும்.”

உட்கார்ந்தாள். ஆறாவது படத்தின்மேல் உருப்பெருக்கியை வைத்தாள். ஈரத்துணி வாய்க்குழிக்குள் உள்வாங்கியிருந்தது.

மூச்சு.

கேட்டால் உடனே. கேட்காவிட்டால் மூன்று நாள். உத்தரவுக்குப் பன்னிரண்டு நாள்.

பேனாவை எடுத்தாள்.

‘அன்புடையீர், தங்கள் படைப்பு எங்களை உலுக்கிவிட்டது. தொடர் அவசரமாக முடிவதாகக் குழு கருதுகிறது. ஏழாவது படத்துக்கு முன் இன்னும் பன்னிரண்டு படங்கள் தேவை. நாளுக்கு ஒன்று. சீட்டுகள் அன்றன்றைக்கே கையெழுத்தாக வேண்டும்.’

பன்னிரண்டு.

படத்தில் இன்னும் நேராக இருந்த விரல்களை எண்ணினாள். மூன்று. அதற்குப் பிறகு அவன் எங்கே கை வைப்பான் என்று நினைத்தாள். நினைக்க முடிந்தது. அதுதான் பயங்கரம்.

உயிரோடு இருப்பது தெரிய வேண்டும். மேலும் ஒரு வரி சேர்த்தாள்: ‘முகத்துணியை நீக்கிவிடவும். கண்கள் திறந்திருக்க வேண்டும்.’

தோளுக்கு மேலாகப் படித்த தலைவர் மேசையைத் தட்டினார். “அடி சக்கை! இப்பத்தான் உனக்குப் படம் பார்க்கவே தெரியுது.” கையெழுத்திட்டார்.

மூன்றாக மடித்தாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். தெருமுனைப் பெட்டியில் போட்டாள். அடியில் தொப்பென்று விழுந்தது.

சாக்குப்பையோடு தபால்காரர் வந்தார்.

“கொஞ்சம் நகருங்கம்மா.”

அவள் விலகி வழிவிட்டாள்.